இரண்டாம் நாள் இல்லாத ஹர்த்தால்

1953 ஆகஸ்ட் 12 அன்று இலங்கை அமைச்சரவை தரையில் கூடவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூஃபவுண்ட்லாந்து’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. கரையில் ஹர்த்தால்: பஸ் இல்லை, கோச்சி இல்லை, திறந்த கடை இல்லை. அவசரகால நிலையைப் பிரகடனம் செய்வதற்குக்கூட வெள்ளைக்காரனின் கப்பல் தேவைப்பட்டது. இடதுசாரி மேடைகளில் இந்தக் கப்பல் அதன் பிறகு நெடுங்காலம் தவறாமல் வந்து போனது. ஒரு பேச்சாளர் சொல்லும்போது அமைச்சர்மார் ஏணியில் சறுக்குவார்கள், இன்னொருவர் சொல்லும்போது கடற்காற்றுக்கு வாந்தி எடுப்பார்கள். கூடினார்கள் என்பது மட்டும் உண்மை. அதுவே போதுமான அளவு வெட்கக்கேடு.

நான் கரையோரப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது தென்மராட்சியில். ஹர்த்தால் காலத்தில் நான் சின்னப் பொடியன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தந்த பணிஸ் ஒருநாள் நின்றுபோனதுதான் அந்த வருஷத்து அரசியலில் எனக்கு ஞாபகம் உள்ளது. மிச்சக் கதையை நான் கேட்டது வேலைக்குப் போன பிறகு, பாணந்துறைக்கும் வெலிகமைக்கும் இடையில் பாதை பார்க்கும் சிங்களத் தொழிலாளிகளின் வாயால். அவர்களில் சிலர் அன்றைக்கு அதே தண்டவாளத்தைக் கழற்றியவர்கள். தாங்கள் பூட்டியதைத் தாங்களே கழற்றியதில் அவர்களுக்குக் கொஞ்சம் தொழில் பெருமையும் இருந்தது. ஊர்ச் சனம் கழற்றிய இடத்தில் போல்ட்டின் மரையெல்லாம் நாசம், நாங்கள் கழற்றிய இடத்தில் அடுத்த கிழமையே திருப்பிப் பூட்டலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு வெள்ளவத்தையில் எனக்குக் கிடைத்த சிநேகிதர்களில் ஒருவர் இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். சமசமாஜக் கட்சிக்காரர். நான் அவரை ‘அய்யே’ என்பேன், அவர் என்னை ‘மாஸ்டர்’ என்பார். இரண்டு தேத்தண்ணிக்கு மேல் போனால் பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வரும்: ஹர்த்தால் வென்றிருந்தால்? அவருடைய பதில் தயாராக இருக்கும். இரண்டாம் நாளும் நடத்தியிருந்தால் ஆட்சி விழுந்திருக்கும், சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா பிரதமர், நாடு இன்றைக்கு வேறு நாடு. எனக்கு அந்தப் பதில் முக்கால்வாசி பிடிக்கும். மீதிக் காலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அரிசி. கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதம் விற்றது. 1952 மார்ச்சில் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க காலிமுகத் திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மகன் டட்லி பதவிக்கு வந்து மே மாதமே தேர்தல் வைத்தார். ஐக்கிய தேசியக் கட்சி இருக்கும்வரை அரிசி விலை ஏறாது என்ற வாக்குறுதியோடு 95 ஆசனங்களில் 54ஐ எடுத்தார். அந்த நேரம் கொரிய யுத்தம் உயர்த்திவிட்ட ரப்பர் விலை கீழே வந்துகொண்டிருந்தது, வெளிநாட்டு அரிசி விலை மேலே போய்க்கொண்டிருந்தது. உலக வங்கியின் ஆய்வுக்குழுவும் உணவு மானியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தது. நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன 1953 ஜூலையில் கொத்து 70 சதம் என்றார். அதோடு தபால் கட்டணம், ரயில் கட்டணம் ஏறின. பிள்ளைகளின் பணிஸ் நின்றது.

இருபத்தைந்து எழுபதானது என்று எழுதுவது சுலபம். தென்னோலை முடைந்தும் கயிறு திரித்தும் சதக்கணக்கில் உழைக்கிற கரையோரத்து வீட்டுக்கு அது என்ன என்பதை அங்கே இருந்தவர்கள் சொல்லத்தான் கேட்க வேண்டும். வஸ்கடுவப் பக்கம் ஒரு கிழவி எனக்குச் சொன்னது: விலை ஏறிய கிழமையிலிருந்து இரவுச் சோறு மரவள்ளிக் கிழங்கானது, அரிசி பிள்ளைகளுக்கு மட்டும். அவருக்கு மார்க்ஸ் யார், ட்ராட்ஸ்கி யார் என்று தெரியாது. ஆனால் தேர்தலுக்கு முன் என்ன சொன்னார்கள், பின் என்ன செய்தார்கள் என்பது எழுத்துப் பிசகாமல் தெரியும்.

ஹர்த்தாலுக்கு அழைத்தவர்கள் சமசமாஜக் கட்சியும், பிலிப் குணவர்தனவின் பிரிந்த சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த முன்னணியும். தமிழரசுக் கட்சி ஆதரவு கொடுத்தது. தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வாயளவில் ஆதரித்தது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க நல்ல காரியம் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். எதிர்ப்பக்கத்தில், எழுபது சதம் என்று முடிவு செய்த அமைச்சரவையில் எங்கள் ஜி.ஜி. பொன்னம்பலமும் கைத்தொழில் அமைச்சராக உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் இதை இப்போது யாரும் பேசுவதில்லை.

அன்றைக்கு நடந்தது அழைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. மகரகம, பொரலஸ்கமுவ, கிருலப்பனை, ராகம, மொரட்டுவ, எகொட உயன, அம்பலாங்கொடை, ஹிக்கடுவ, வெலிகம என்று மேற்கிலும் தெற்கிலும் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தன. தென்னை மரங்களைத் தறித்து ரோட்டில் போட்டார்கள். தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். பல இடங்களில் தண்டவாளம் பெயர்ந்தது. கட்சி சொன்னது வேலைநிறுத்தமும் கடையடைப்பும். சனம் செய்தது அதற்கும் அடுத்த படி.

ஒரு ரயில்வேக்காரனாக இதில் ஒன்றை நான் விளக்க வேண்டும். தெற்கே ஒற்றைப் பாதையில் ஒரு கோச்சி அடுத்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமானால் டிரைவரின் கையில் ‘டேப்லட்’ இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் கம்பியால் பேசிக்கொண்டால்தான் அது பெட்டியிலிருந்து கழலும். கம்பி அறுந்தால் கருவி ஊமை. தண்டவாளம் எவ்வளவு நேராகக் கிடந்தாலும் கோச்சி நகராது. விதிப்புத்தகத்தில் மாற்று வழி உண்டு, கடதாசியில் எழுதி ஆளை அனுப்பி ஓட்டலாம், ஆனால் அது மணிக்கணக்கான வேலை, அதுவும் அனுப்பப்பட்ட ஆள் உயிரோடு போய்ச் சேர்ந்தால். கத்தியோடு கம்பத்தில் ஏறிய மீன்காரப் பொடியனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போகும் தந்தியை அறுப்பதாகத்தான் நினைத்திருப்பான். ஆனால் ஒரு முழுப் பாதையை நிறுத்த அந்த ஒரு வெட்டே போதும்.

துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் பத்துப் பேர் வரை. ஊரடங்கு வந்தது, கண்டதும் சுடும் உத்தரவு வந்தது. அழைப்பு ஒரு நாளுக்கு மட்டும் என்பதால் தலைவர்கள் அன்றோடு முடிந்தது என்றார்கள். சில ஊர்களில் 13ஆம் தேதியும் சனம் விலகவில்லை. அவர்களிடம் போய் வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டியிருந்தவர்கள் கட்சிக்காரர்களே. அய்யே அப்போது வேலை பழகும் பையன். அந்தக் காட்சியைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் மாறும்.

இங்கேதான் கற்பனை தொடங்க வேண்டும். தலைவர்கள் இரண்டாம் நாளை அறிவித்திருந்தால்? அரசாங்கத்தின் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். இலங்கை இராணுவம் 1949 அக்டோபரில் தொடங்கப்பட்டது, வயது நாலுகூட நிறையவில்லை. பொலிஸ் பரவிக் கிடந்தது. டட்லி மென்மையான மனிதர், வயிற்று நோயாளி. சுட்டதில் இறந்தவர்களின் கணக்கு அவரை உள்ளுக்குள் அரித்தது என்பதை அவருடைய எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். உண்மையில் அவர் அக்டோபர் 12ஆம் தேதி, ஹர்த்தாலுக்குச் சரியாக இரண்டு மாதத்தில் பதவி விலகினார். அது ஆகஸ்ட் 15ஆம் தேதியே நடந்திருக்கும் என்று நினைப்பது அதிகப்படியான கற்பனை இல்லை. ஜே.ஆர். நிதி அமைச்சை இழந்திருப்பார், அது உண்மையிலும் நடந்தது. இடைக்கால ஆட்சி, பிறகு தேர்தல், இடதுசாரிகள் எல்லாரும் ஒரே பட்டியலில். என்.எம். பெரேரா ஆளுநர் நாயகம் சோல்பரிப் பிரபுவின் முன் பதவிப் பிரமாணம் எடுக்கிறார்.

நான் ரசிக்கும் கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி இலங்கைக்கு வந்து பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். அது முன்பே திட்டமிட்ட பயணம். அப்படியானால் உலகத்தின் முதல் ட்ராட்ஸ்கியப் பிரதமர் மகாராணியைக் கைகுலுக்கி வரவேற்றிருப்பார். லண்டனில் ஹரால்ட் லாஸ்கியிடம் படித்த, கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிற என்.எம்.முக்கு அதில் ஒரு தடுமாற்றமும் இருந்திருக்காது. பிலிப்தான் எங்காவது கத்தியிருப்பார். நிஜத்தில் 1954இல் என்.எம்.முக்குக் கிடைத்தது கொழும்பு மாநகர மேயர் பதவி. புரட்சி நாட்டைத் தரவில்லை, குப்பை லொறிகளைத் தந்தது. அவற்றை அவர் நன்றாகவே ஓட்டினார் என்று பழைய கொழும்புக்காரர் சொல்வார்கள்.

அரிசிக்கு என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது, அதுவும் எதிரியின் பெட்டியில். டட்லியின் அரசாங்கமே 1952 டிசம்பரில் சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்திருந்தது: வருஷத்துக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 270,000 டன் அரிசி வாங்குவது. அமெரிக்கா முகம் சுளித்தும் செய்தார்கள். ஆகவே 25 சத அரிசி வானத்திலிருந்து விழ வேண்டியதில்லை, சீனக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. மானியத்துக்குப் பணம் எங்கே என்பதுதான் பிரச்சினை. அந்தப் பணம் இருந்த இடம் தேயிலை.

தேயிலைக்குப் போகுமுன் உலகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் 1953இன் அந்த மாதங்கள் சாதாரணமானவை அல்ல. ஹர்த்தாலுக்குச் சரியாக ஒரு கிழமை கழித்து, ஆகஸ்ட் 19ஆம் தேதி, தெஹ்ரானில் மொசாதேக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. எண்ணெயை நாட்டுடைமையாக்கியதற்கான தண்டனை அது. அக்டோபர் 9ஆம் தேதி, டட்லி விலகுவதற்கு மூன்று நாள் முன்னர், பிரிட்டிஷ் கயானாவின் அரசியல் சட்டத்தை லண்டன் இடைநிறுத்தி, படைகளை இறக்கி, செட்டி ஜெகனை வீட்டுக்கு அனுப்பியது. ஜெகன் கலகம் செய்து வந்தவர் இல்லை. அந்த ஏப்ரலில் நடந்த தேர்தலில் 24 ஆசனங்களில் 18ஐ வென்று வந்தவர். 133 நாள் ஆண்டார். கரும்புத் தோட்டத் தொழிலாளரின் சங்கத்தை முதலாளிகள் அங்கீகரிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது அவர் செய்த பெரிய குற்றங்களில் ஒன்று.

இலங்கை காலனி இல்லை, சுதந்திர நாடு என்று அய்யே சொல்வார். உண்மைதான். ஆனால் 1947 பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலையில் அவர்களுடைய கடற்படை இருந்தது, கட்டுநாயக்கவில் விமானப்படை இருந்தது. அமைச்சரவைக்கு இடம் கொடுத்த கப்பல் தேவைப்பட்டால் ஆட்களை இறக்காதா? இறக்கியிருக்காது என்றே வைத்துக்கொள்வோம். லண்டன் தேயிலை ஏலத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் படை தேவையில்லை. ஒரு பருவம் வாங்காமல் இருந்தால் போதும்.

கயானாவின் கதையில் இன்னொரு பகுதி எனக்கு இதைவிட முக்கியம். ஜெகனின் கட்சி கரும்புத் தோட்டத்து இந்தியரையும் ஊரில் வேலை செய்த ஆப்பிரிக்கரையும் ஒன்றாகச் சேர்த்த கட்சி. ஆட்சி பறிபோன பிறகு அந்த ஒற்றுமை இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1955இல் ஜெகன் ஒரு பக்கம், அதே கட்சியின் இன்னொரு தலைவர் பேர்ண்ஹாம் ஒரு பக்கம். அதற்குப் பிறகு அந்த நாட்டில் வாக்குப் பெட்டியைத் திறப்பதும் இனத் தொகைமதிப்பு எடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றானது. இலங்கையில் இதே வேலையை 1956இன் தனிச் சிங்களச் சட்டம் செய்தது. அங்கே படை வந்து பிரித்தது, இங்கே படை வராமலே பிரிந்தோம்.

இனித் தேயிலை. ஹர்த்தால் நாளில் மலைநாட்டுத் தோட்டங்கள் பெரும்பாலும் வேலை செய்தன. காலையில் கொம்பு ஊதியது, பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தார்கள், கூடையோடு மலை ஏறினார்கள். கரையோரம் முழுவதும் பற்றி எரிந்த நாளில் நாட்டின் அந்நியச் செலாவணியைக் கையால் பறித்தவர்கள் வழமைபோலப் பறித்தார்கள். அவர்களுக்குப் புரியவில்லை, பின்தங்கியவர்கள் என்றெல்லாம் கட்சிப் பாடசாலைகளில் இதற்குக் காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும்.

ஏனென்றால் இந்த நாட்டு இடதுசாரிகளின் முதல் இரத்தம் அங்கேதான் சிந்தியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணையில் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அந்தக் காலத்தில் தோட்டங்களில் தமிழில் பேசிச் சங்கம் கட்டியவர்களில் முக்கியமான ஒருவர் யாழ்ப்பாணத்து எஸ்.சி.சி. அந்தோனிப்பிள்ளை. யுத்த காலத்தில் கட்சி தடைசெய்யப்பட்டபோது அவரும் மற்றவர்களும் இந்தியாவுக்குத் தப்பிப் போனார்கள். என்.எம்., கொல்வின், பிலிப் எல்லாரும் பிறகு இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தோனிப்பிள்ளை சென்னையிலேயே நின்று, 1947இல் பின்னி மில் தொழிலாளரின் பெரிய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி, 1957இல் வட சென்னையின் மக்களவை உறுப்பினரும் ஆனார். சென்னைக்கு லாபம். மலைநாட்டில் கட்சிக்கு அவர் விட்டுப்போன இடம் வெறுமையாகவே கிடந்தது.

பிறகு 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. இடதுசாரிகள் அதை எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது, எங்கள் தமிழ்த் தலைவர்கள் எல்லாரும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆனால் எதிர்த்து வாக்களிப்பது ஒன்று, நாட்டை நிறுத்துவது இன்னொன்று. 1947 தேர்தலில் தோட்டப் பகுதிகளிலிருந்து தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனத்தால் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. 1952 ஏப்ரல் கடைசியில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பறிபோன உரிமையைக் கேட்டுக் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பிரதமர் அலுவலக வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். துறைமுகம் நிற்கவில்லை. பஸ் ஓடியது. இரத்மலானை வேலைத்தளத்தில் சங்கு வழமையான நேரத்துக்கு ஊதியது. பதினைந்து மாதம் கழித்து அதே கொழும்பு, அரிசிக்காக, ஒரே நாளில் நின்றது. அன்றைக்கு மலையில் கொம்பு வழமையான நேரத்துக்கு ஊதியது.

ஆகவே ‘ஹர்த்தால் வென்றிருந்தால்’ என்று கற்பனை செய்கிறவர் முதலில் சொல்ல வேண்டியது, எந்த ஹர்த்தால் என்பது. கரையோரம் மட்டும் வென்ற ஹர்த்தாலின் அரசாங்கம் யாருடைய வாக்கில் நின்றிருக்கும்? மீன்காரர், கயிறு திரிப்பவர், ரயில்வேக்காரர், எழுதுவினைஞர். நல்ல மனிதர்கள்தான். ஆனால் லயத்தில் இருந்தவர்களுக்கு வாக்கைத் திருப்பிக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. தோட்டங்களை நாட்டுடைமையாக்குவோம் என்றால் கைதட்டியிருப்பார்கள். நாட்டுடைமையான தோட்டத்தில் தமிழனுக்கு என்ன இடம் என்று கேட்டால் கைதட்டல் குறைந்திருக்கும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. வரலாறு இந்தக் கணக்கைப் பிற்பாடு ஒருமுறை செய்து காட்டியது. 1970இல் சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணியில் ஆட்சிக்கு வந்தன. என்.எம். நிதி அமைச்சர். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய அதே கொல்வின் பெருந்தோட்ட அமைச்சர். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1953இல் கனவு கண்ட அதே காரியம். கண்டிப் பக்கத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அடித்து விரட்டப்பட்டன. 1973, 74இல் லயங்களில் பட்டினிச் சாவுகள். தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அப்போது இடதுசாரிகள் கூட்டணியில் இல்லை, ஆனால் அவர்கள் எழுதிய சட்டம் உள்ளே இருந்தது. கோவிந்தனுக்கும் லெட்சுமணனுக்கும் இடையில் முப்பத்தேழு வருஷம். முதலாளி மாறினார், சுடப்பட்டவர் மாறவில்லை.

அய்யே இங்கே ஒரு நல்ல வாதம் வைப்பார். அது தோற்றுப்போன இடதுசாரிகள் செய்தது, வென்ற இடதுசாரிகள் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள் என்பார். தோல்விதான் அவர்களைக் கெடுத்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது கொல்வின் பாராளுமன்றத்தில் எழுந்து, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று எச்சரித்தாரே, அந்த மனிதனைப் பத்து வருஷம் வெளியே காயப் போட்டது யார் என்று கேட்பார். இதில் நியாயம் இருக்கிறது. 1956இல் சமசமாஜக் கட்சி சம அந்தஸ்துக்காக அடி வாங்கியது. அவர்களுடைய கூட்டங்களுக்குக் கல் எறிந்தார்கள்.

அதே கட்சி பத்து வருஷத்தில் எங்கே வந்து நின்றது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்போது நான் வேலையில் இருந்தேன், சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்ற காலம். 1966 ஜனவரி 8ஆம் தேதி, தமிழ் மொழியின் நியாயமான உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளை மறுபடி பிரதமராகியிருந்த டட்லி கொண்டுவந்தபோது, அதை எதிர்த்துச் சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும் கொழும்பில் ஊர்வலம் போயின. டட்லியின் வயிற்றில் மசால வடை என்று கோஷம் போட்டார்கள். 1953இல் இதே டட்லியைச் சிங்களவனின் சோற்றுக்கும் தமிழனின் சோற்றுக்கும் சேர்த்து எதிர்த்தவர்கள், இப்போது அவர் தமிழனின் வடையைத் தின்றுவிட்டார் என்று எதிர்த்தார்கள். அவருக்கு உண்மையிலேயே வயிற்று வருத்தம். அந்த ஊர்வலத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு பிக்கு இறந்தார். ஸ்டேஷனில் என்னோடு வேலை செய்த சங்கக்காரர் ஒருவர் அடுத்த நாள் என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டுக் கட்டை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. அவர் ஊர்வலத்துக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

ஹர்த்தாலின் உண்மையான வெற்றியாளர் அன்றைக்கு வீட்டில் இருந்த பண்டாரநாயக்க என்பது பொதுவாக எல்லாரும் ஏற்கும் தீர்ப்பு. ஐக்கிய தேசியக் கட்சியைத் தெருவில் அசைக்கலாம் என்று இடதுசாரிகள் காட்டினார்கள். அசைந்த மரத்தில் ஏறிப் பழம் பறித்து 1956இல் பிரதமரானவர் அவர். அரிசியில் திரண்ட கோபத்தை மொழியில் ஊற்றினார். டட்லிக்குப் பிறகு கொத்தலாவல பிரதமராக வந்து அரிசி விலையைக் கொஞ்சம் குறைத்தும் கோபம் தணியவில்லை. பிலிப் பண்டாரநாயக்கவோடு சேர்ந்து உணவு அமைச்சரானார், 1958இல் நெற்காணிச் சட்டம் கொண்டுவந்தார். அது நல்ல சட்டம், அதைக் கொண்டுவந்தவர் தனிச் சிங்களத்துக்கும் கை தூக்கினார்.

ஆகஸ்ட் 13 நடந்திருந்தால் 1956 இப்படி வந்திருக்காது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பண்டாரநாயக்கவுக்குப் பழம் கிடைத்திருக்காது. மொழிக் கலகம் சில வருஷம் தள்ளிப் போயிருக்கும். சில வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை, 1958 இனக் கலவரத்தில் பாணந்துறையில் வீடு இழந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதற்கு மேல் நான் அய்யேக்குக் கொடுக்கத் தயாரில்லை. மலை இல்லாமல் வென்ற கரையோர அரசாங்கம் லண்டன் ஏலத்தில் அடி வாங்கும், மானியத்துக்குப் பணம் இல்லாமல் போகும், அடுத்த தேர்தலில் யார்மீதாவது பழி போட வேண்டிவரும். லயத்தில் இருப்பவனுக்கு வாக்கு இல்லை. பழி போட அதைவிட வசதியான இடம் எது?

அதனால் தேதியை மாற்றும் வரம் ஒன்று கிடைத்தால், நான் கேட்பது 1953 ஆகஸ்டை இல்லை. 1952 ஏப்ரலைக் கேட்பேன். பிரதமர் அலுவலக வாசலில் அந்தத் தோட்டத்துச் சனம் உட்கார்ந்த முதல் கிழமையிலேயே துறைமுகமும் டிராம் வண்டியும் வெள்ளவத்தை நெசவாலையும் இரத்மலானையும் ஒரு நாள் நின்றிருந்தால், அடுத்த ஆகஸ்டில் மலையில் கொம்பு ஊதியிருக்காது. கொழுந்து செடியில் முற்றியிருக்கும். தேயிலைப் பெட்டி கோச்சியில் இறங்கியிருக்காது. அமைச்சரவை கப்பலில் ஏறுவதற்குப் பதில் பேச உட்கார்ந்திருக்கும், அதுவும் தெருவில் நின்ற இரண்டு சனத்தோடும்.

இதை ஒருமுறை அய்யேயிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். “மாஸ்டர், நான் சங்கத்தில் இருந்தவன், பொய் சொல்லமாட்டேன்” என்றார். “1952இல் தோட்டத்துக்காரருக்காக வேலையை நிறுத்துங்கோ என்று கொமிட்டி எங்களிடம் கேட்டிருந்தால், கால்வாசிப் பேர்தான் கேற்றுக்கு வெளியே வந்திருப்பம்.”

நானும் அவ்வளவுதான் எதிர்பார்த்தேன். கால்வாசிப் பேர் வெளியே வந்தாலே பொயிலர் பற்றவைக்க முடியாதே என்றேன். அதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயபேதம் இருந்தது. எத்தனை பேர் இருந்தால் வேலைத்தளம் ஓடும் என்பதில் ஃபிட்டரும் ஸ்டேஷன் மாஸ்டரும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை.